பதினான்கு விநாடி

கஜானி ஊருக்கு வெளியே, பைன் காட்டை ஒட்டி
ஒரு பனித்தாவல் மேடு.
அதன் அடியில் ஓர் இரும்புப் பெட்டி அறை.
வெளியே மைனஸ் பத்தொன்பது.
உள்ளே நான், என்கோடர்,
சத்தம் மட்டும் சூடாக வரும் ஒரு ஹீட்டர்,
யாரோ பாதி தின்று வைத்துப்போன சாசேஜ்.

கேமரா பிடிப்பது பிடித்தபடி ஓடும்.
ஓடுகிற படத்துக்குள் சொல் செருகுவது என் வேலை.
தாவுகிறவன் பெயர், காற்றின் வேகம், தாண்டிய மீட்டர்.
விசையைத் தட்டினால்
கட்டளை போய் அந்தக் கணத்தின் காதில்
தோடு மாதிரித் தொங்கும்.
அப்புறம் படம் எங்கே போனாலும் கூடவே போகும்.

நிரல் எழுதியபோது
ஒரு கட்டளைக்கு இரண்டே உறுப்பு வைத்தேன்:
இன்ன வகை, இன்ன சேதி.
நேரம் என் கையில் இல்லை.
அதை என்கோடரே குத்தும்,
தபாலாபீஸ் முத்திரைபோல,
என்னைக் கேட்காமல்.

வீடுகளில் போய்ச் சேரப் பதினான்கு விநாடி.
இங்கே முடிந்துபோனது
அங்கே தொடங்கியிருக்காது.

காலையில் தோர்னியோவிலிருந்து
மார்க்கெட்டா சவிலாஹ்தி கூப்பிட்டாள்.
மகன் தாவுகிறான், கணினியில் எப்படிப் பார்ப்பது?
பஃபர் நிறையும்வரை பொறுங்கள் என்றேன்.
பஃபர் என்றால்?
கஞ்சி கொதிக்கும்வரை அடுப்பருகே நிற்பதுபோல.
அப்படியானால் கிளறலாமா?
வேண்டாம். கைவைத்தால் முதலிலிருந்து தொடங்கும்.

இருபத்தேழாவதாக துரே.
பெயரைச் செருகினேன். காற்று 2.1, பக்கவாட்டில்.
முனையை விட்டுக் கிளம்பினான்.
இடது பலகை தாழ்ந்தது,
தாழ்ந்தது நிமிரவில்லை.

ஜன்னலில் அவன் விழுந்தான்.
திரும்பி வந்த படத்தில்
இன்னும் உச்சியில், குறுக்குக்கட்டையில் உட்கார்ந்து
கையுறையை இறுக்கிக்கொண்டிருந்தான்.

எண்ணினேன்.
ஒன்பதாவது விநாடியில் ஒரு கை உயர்ந்தது,
பிறகு ஆளே எழுந்தான்.
தட்டினேன்.
வகை: எழுத்து. சேதி: எழுந்துவிட்டான்.

அது போய், அவன் எழுந்து நிற்கிற ஃபிரேமில்
சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது.
எனக்கு வேண்டிய இடம் அதுவல்ல.
விழுகிற ஃபிரேம் ஏற்கெனவே வழியில் இருக்கிறது.
முந்திப் போனதைப்
பிந்திக் கிளம்பிய சொல் எட்டிப் பிடிக்காது;
இந்த விதியை நானேதான் சோதித்து
சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

இன்னும் ஐந்து விநாடி இருந்தது.
போனை எடுத்து அவள் எண்ணை அழுத்தினேன்.
பிஸி.
பிஸியாகத்தானே இருக்கும்.
அந்த ஒரே கம்பி வழியாகத்தான்
அவள் மகனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோளெலும்பு விலகல், அவ்வளவுதான் என்றார்கள்.
சாசேஜை நான்தான் தின்றிருக்கிறேன்,
எப்போது என்று தெரியவில்லை.

இரவு பதிவைத் திறந்தேன்.
பதிவில் கட்டளைகள் எல்லாம் பட்டியலாக நிற்கும்,
நேரத்தை மாற்றலாம், யாரும் தடுக்கமாட்டார்கள்.
52:31ஐ 52:22க்கு இழுத்தேன்.
பையன் குப்புற விழுகிறான்,
கீழே வரி சொல்கிறது எழுந்துவிட்டான்.
கேலி செய்வதுபோல இருந்தது.
இன்னும் முன்னே இழுத்தேன்.
கட்டையில் உட்கார்ந்து கையுறையை இறுக்குகிறவனுக்கு
எழுந்துவிட்டான் என்று ஒரு வரி.
விழவே இல்லையே இன்னும்.

பழைய இடத்திலேயே வைத்தேன்.
52:22இல் புதிதாக ஒன்று சேர்த்தேன்.
வகை: எழுத்து. சேதி: வெற்று.
வெற்றுச் சேதி முந்தைய வரியை அழிக்கும்.
இப்போது ஒன்பது விநாடி
அவன் பெயரும் காற்றின் வேகமும் மேலே ஒட்டாமல்
பனியில் சறுக்கிப் போகிறான்.
சேமித்தேன்.

காலையில் போன் அடித்தது. கம்பி காலியாகிவிட்டது போல.
மகனைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.
நீங்கள் சொன்னபடிதான், என்றாள்.
படம் பாதியில் நின்றுபோனதோ என்றுகூட நினைத்தேன்.
ஆனாலும் நான் கைவைக்கவில்லை.